லபோர்த்து வீட்டின் ஈரச் சுவர்

புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, பிரெஞ்சுக்காரன் காலத்தில் சுங்க அதிகாரிகள் குடியிருக்கக் கட்டின லபோர்த்துக் கட்டடத்தில், செலஸ்தீன் மதாமின் முதல் மாடி வீட்டு ஹாலில் இருந்த நீளச் சுவர், மஞ்சள் பெயிண்ட் அடித்த நாளிலிருந்து காயாமலே இருந்தது. அடித்த மறுநாள் காயவில்லை, அதற்கு மறுநாளும் காயவில்லை, சித்திரை வெயில் பால்கனிக் கதவு வழியாக வந்து மத்தியானம் முழுக்க அதன் மேல் படுத்துக் கிடந்தும் காயவில்லை, ஐப்பசி மழையில் கட்டடமே ஊறிப்போய் மற்ற சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்ந்தபோதும் அது மட்டும் இப்போதுதான் பிரஷ்ஷை எடுத்த மாதிரி பளபளவென்று நின்றது. இனி இது காய்வதாக இல்லை என்று தெரிந்ததும் அந்தக் கட்டடத்துச் சனங்கள் காயாத சுவரோடு குடித்தனம் பண்ணப் பழகிக்கொண்டார்கள். ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. உரசாமல் போவது எப்படி என்று கற்றுக்கொள்ளவே நேரம் சரியாக இருந்தது.

ஏனென்றால் அந்தக் கட்டடத்தைச் சின்னச் சின்ன வீடுகளாகப் பிரித்தபோது மாடிப்படியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மதாமின் ஹால் ஓரமாக விட்டுவிட்டார்கள். மேல் மாடிக்காரர்கள் பால் வாங்கப் போனாலும் பள்ளிக்கூடம் போனாலும் பிணம் தூக்கிப் போனாலும் அந்தச் சுவரை ஒட்டித்தான் போக வேண்டும். அதனால் எல்லாரும் முழங்கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்கப் பழகினார்கள். பழகின நடை தெருவிலும் வந்தது. பெரிய மார்க்கெட்டில் யாராவது வாளை மீன் கூடைக்கு முன்னால் பக்கவாட்டில் வந்து நின்றால், "லபோர்த்து வீடா?" என்று மீன்காரி கேட்காமலே தெரிந்துகொண்டாள். அப்படி நடந்தும் தப்பாதவர்களுக்குத் தோளில் ஒரு மஞ்சள் தீற்றல் இருக்கும். துவைத்தால் போகும், ஏறினால் வரும். மதாமின் வெள்ளைப் பூனை வயிற்றுப் பக்கம் மஞ்சளாகிப் போய், அது போட்ட குட்டிகளும் மஞ்சளாகவே பிறந்தன. பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸிலிருந்து வந்த இன்ஜினியர் விரலால் தொட்டுப் பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் டைம் எடுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு அவர் வரவில்லை.

கறையைக் கூடச் சமாளித்தார்கள். சமாளிக்க முடியாமல் போனது வாசனைதான்.

புதுப் பெயிண்ட் வாசனை என்பது பொங்கலுக்கு முந்தின நாள் வாசனை, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வாசனை, கல்யாண வீட்டில் பந்தல்கால் நட்டுவிட்டு எல்லாரும் அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருக்கிற நாளின் வாசனை. அந்த வாசனை போகாமல் நின்றுவிட்டதால் லபோர்த்துக் கட்டடத்தில் எப்போதும் நாளைக்கு ஏதோ விசேஷமாகவே இருந்தது. என்ன விசேஷம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு என்று மட்டும் தெரியும். இரண்டாம் மாடி ஜோதி தினமும் சாயங்காலம் அதிரசத்துக்கு மாவு பிசைந்து வைத்தாள். அவள் பிள்ளைகள் புதுத் துணியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் புரண்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற கிழவர் அந்துவான், கோட்டில் குத்துகிற மெடல்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அதில் இருந்த பொம்பளைத் தலை மூக்கில்லாமல் போய்விட்டது. செலஸ்தீன் மதாம் பீங்கான் தட்டுகளை இறக்கிக் கழுவி, சாப்பாட்டு மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்து வைப்பாள். விடியும். விசேஷம் வந்திருக்காது. துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டு, சாயங்காலம் மறுபடியும் விரிப்பாள். யாரும் சண்டை போடவில்லை, நாளைக்கு விசேஷத்தை வைத்துக்கொண்டு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். யாரும் அசந்து உட்காரவும் இல்லை. அந்துவான் சாவதைக்கூட விசேஷம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தார்.

இதற்கெல்லாம் காரணம் முத்தியால்பேட்டையில் இருந்தது. பெயிண்டர் தனக்கோடி என்று பெயர்.

பெரிய சுவருக்கு என்று ஒரு முறை உண்டு. இரண்டு பேர் இரண்டு முனையில் ஆரம்பித்து நடுவை நோக்கி வர வேண்டும். ஒருவன் விட்ட ஓரம் காய்வதற்குள் மற்றவன் ஓரம் வந்து அதைத் தொட்டுவிட வேண்டும். ஈரத்தோடு ஈரம் சேர்ந்தால் ஒட்டு தெரியாது. காய்ந்ததன் மேல் ஈரம் ஏறினால் அந்தச் சுவர் இருக்கிற வரைக்கும் கோடு தெரியும். தனக்கோடியும் அவன் பெண்சாதியின் அண்ணன் கலிவரதனும் அப்படி ஈரம் சேர்க்கிற ஜோடி. மீசை முளைத்த காலத்திலிருந்து ஜோடி. கவர்னர் வருகிற வீடானாலும் கான்வென்ட் ஹாலானாலும் அவர்கள் சேர்த்த இடத்தை விளக்கு வைத்துத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது என்று ஊரில் பெயர்.

அந்தப் பெயருக்குள்ளே ஒரு ரகசியம் இருந்தது. தனக்கோடிக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்து, வெள்ளை எல்லாம் பழுப்பாகவும் மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சளாகவும் தெரியத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் கலர் கலக்கும்போது கலிவரதன் பக்கத்தில் வந்து நின்று, பீடி பற்ற வைக்கிற மாதிரி, "போதும் மாப்ள" என்று மெதுவாகச் சொல்லுவான். கலிவரதனுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அதனால் மேலே உத்தரத்தை ஒட்டி நேராக இழுக்கிற கோட்டையெல்லாம் தனக்கோடியே ஏறி இழுத்துவிடுவான். இதைப் பற்றி அவர்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டது இல்லை. பேசாமல் இருந்ததால்தான் அது நடந்தது.

லபோர்த்து வீட்டு ஹாலில் இருவரும் இரண்டு முனையிலிருந்து வந்து, நடுவில் ஒரு முழ அகலம் பாக்கி இருந்தபோது, அந்த இன்ஜினியர் உள்ளே வந்து இடுப்பில் கை வைத்து நின்று, "ரெண்டு பக்கமும் ஒரே மஞ்சளா தெரியலையே" என்றார். கடல் பக்கம் ஒரு ஜன்னல், முற்றத்துப் பக்கம் ஒரு ஜன்னல், இரண்டு வெளிச்சம், எந்த மஞ்சளும் அப்படித்தான் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கலிவரதன் பதறிப்போனான். எங்கே இந்த வேலையே கையை விட்டுப் போய்விடுமோ என்று பயந்து, "என் பக்கம் சரியாத்தான் சார் கீது. மாப்ளைக்குத்தான் கண்ணு பழுத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டான்.

மதாம் நின்றிருந்தாள். ஜோதி படியில் நின்றிருந்தாள். அந்துவான் நின்றிருந்தார்.

"என் கண்ணு பழுத்தா பழுத்துட்டுப் போவுது" என்றான் தனக்கோடி. "உன் கை ஆடுறதை நான் சொல்லட்டுமா சாருக்கு? இந்த மேல் கோடெல்லாம் யாரு இழுத்ததுன்னு சொல்லட்டுமா?"

இரண்டு பேரும் சாரத்தை விட்டு இறங்கினார்கள். ஒருவன் முன்வாசல் வழியாகவும் ஒருவன் பின்வாசல் வழியாகவும் போனார்கள். நடுவில் உத்தரத்திலிருந்து தரை வரைக்கும் ஒரு முழ அகலத்துக்கு வெறும் சுவர், இந்தப் பக்கம் ஒரு ஓரம், அந்தப் பக்கம் ஒரு ஓரம். இரண்டு ஓரமும் அடுத்தது வந்து தொடட்டும் என்று காத்திருந்தன. காய்ந்துவிட்டால் கோடு விழுந்துவிடும் அல்லவா, அதனால் காயவில்லை. வேறு பெயிண்டர்களைக் கூட்டிவந்து நடுவை அடிக்கச் சொன்னார்கள். அவர்கள் அடித்தது நிற்காமல் வழிந்து தரைக்கு வந்தது. சுரண்டி எடுத்துவிடலாம் என்று தகட்டை வைத்தார்கள். தகடு போன தடம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி மூடிக்கொண்டது. சாரத்தடியில் விட்டுப்போன இரண்டு வாளி பெயிண்டிலும் ஆடைகூடக் கட்டவில்லை.

மறப்பது என்பது தனக்கோடியிடம் கிடையாது. மூன்றாவதோடு நின்றுபோன மண்டையில் படிப்பு ஏறவில்லையே தவிரப் பகை எழுத்து எழுத்தாக ஏறியிருந்தது. எப்போதோ அவனைப் பாதி வழியில் இறக்கிவிட்ட கண்டக்டர் ரிட்டையராகிப் போன பிறகும் அந்த நம்பர் பஸ்ஸில் ஏற மாட்டான். கூழ் ஊற்றியபோது அவனுக்கு அடிக்கூழ் கொடுத்தார்கள் என்று ஒரு கோயில் பக்கமே போவதில்லை. அவனைப் பார்த்துக் குரைத்த நாயின் பேரனைக் கூட முறைப்பான். அப்படிப்பட்டவன் மச்சான் சொன்ன ஒரு வார்த்தையை என்ன செய்வான்? தினமும் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டான். கலிவரதன் தன் வாசலை மிதிக்கக் கூடாது, தன் பெண்சாதியும் அவன் வீட்டுக்குப் போகக் கூடாது என்றான். கண்ணில் புரை முற்றி, எதிரில் வருகிறவன் மூஞ்சி புகை மூட்டத்தில் வருகிற மாதிரி ஆனபோது, பெரியாஸ்பத்திரியில் இலவசமாக ஆபரேஷன் செய்கிறார்கள் என்று அவன் பெண்சாதி அஞ்சலாட்சி கையைப் பிடித்து இழுத்தாள். "ஆபரேஷன் செஞ்சா அவன் சொன்னது நெசம்னு ஆயிடும்" என்று கையை உதறிவிட்டான். குருடாகப் போனாலும் போவேன், அவன் சொன்னது சரி என்று ஆக விட மாட்டேன் என்பது அவன் கணக்கு. தனியாக மீன் படகுகளுக்கு பெயிண்ட் அடித்துப் பிழைத்தான். படகுக்கு எந்த நீலம் ஆனாலும் மீன் கேட்காது.

அஞ்சலாட்சிக்கு அண்ணனைப் பார்க்க ஒரே இடம் அந்த ஹால்தான். யார் வீட்டில் என்று சொல்லாமல், துணி துவைக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிப் போவாள். கலிவரதன் வருவான். வெற்றுச் சுவரின் முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதையும் இதையும் பேசிவிட்டு, தோளில் மஞ்சளோடு வருவாள். தனக்கோடிக்கு அந்த மஞ்சள் தெரியாது. தெரிந்தது வாசனை. தெரிந்தும் கேட்டதில்லை.

அப்படி இருக்கையில் ஒரு நாள் காலையில் லபோர்த்துக் கட்டடமே முத்தியால்பேட்டைக்கு வந்து நின்றது. முன்னால் செலஸ்தீன் மதாம், குடையோடு. பின்னால் ஜோதி, மாவு காய்ந்த கையோடு. அதற்குப் பின்னால் மெடல் குத்தின கோட்டில் அந்துவான். எல்லாரும் சந்துக்குள் பக்கவாட்டில் நடந்து வந்தார்கள்.

"தனக்கோடி, ஒரு விஷயமா வந்தோம்" என்றாள் மதாம்.

"சுவர் விஷயம்னா உக்கார வேணாம் மதாம்."

"கலிவரதன் வியாழக்கிழமை பிரான்சுக்குப் போறான். மருமகன் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா வீட்டுப் பிள்ளையில்லையா, மக கோமதி பேப்பர் எல்லாம் சரி பண்ணிக் கூப்பிட்டுக்கிறா. அங்கேயே இருந்துடுவான். அவன் போயிட்டா எங்க சுவரு என்ன ஆவுறது?"

தனக்கோடி அஞ்சலாட்சியைப் பார்த்தான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அணைந்த அடுப்பு.

"போவட்டும்" என்றான்.

"போவட்டும்னு லேசா சொல்றியேப்பா" என்றாள் ஜோதி. "அதிரசம் சுட்டு சுட்டு என் வாழ்க்கையே போச்சு. என் புள்ளைங்க அதிரசத்தைப் பார்த்தா அழுவுதுங்க. நாளைக்கு நாளைக்குன்னு உக்காந்து எங்களுக்கு இன்னிக்கே இல்லாம போச்சு, தெரியுமா உனக்கு?"

அந்துவான் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "நான் பட்டாளத்துல இருந்தவன். சண்டைக்கு முந்தின ராத்திரி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். சண்டை தேவலாம்."

"என் கண்ணு பழுத்துப் போன கண்ணு" என்றான் தனக்கோடி. "நல்ல கண்ணு இருக்கிறவனா பார்த்துக் கூப்பிட்டுக்குங்க."

அவர்கள் போனார்கள். போகிறபோது மதாம் குடையை விரித்துக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல், "ராஸ்கோல்" என்றாள். அது பிரெஞ்சா தமிழா என்று அந்தச் சந்தில் யாருக்கும் தெரியவில்லை. அர்த்தம் தெரிந்தது.

அஞ்சலாட்சி ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, செவ்வாய்க்கிழமையும் பேசவில்லை. சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை காலையில் தனக்கோடி படகு வேலைக்குக் கிளம்ப ஆணியில் கையை விட்டால் ஆணிதான் இருந்தது. பிரஷ் இல்லை. பன்றி முடிப் பிரஷ், தேய்ந்து தேய்ந்து அவன் கைக்கென்று சாய்ந்துபோன பிரஷ். மண்ணெண்ணெயில் கழுவி, நுனியை நூலால் கட்டி, பெற்ற பிள்ளையைத் தூங்கப் போடுகிற மாதிரி மாட்டி வைப்பான். அதை யாரும் தொடக் கூடாது என்று அந்த வீட்டில் சட்டம். வீட்டில் அஞ்சலாட்சியும் இல்லை.

அவன் சமாதானம் பேசப் போகவில்லை. பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு வரத்தான் போனான். இதை அவன் பிற்பாடு எல்லாரிடமும் அழுத்தமாகச் சொன்னதால் இங்கேயும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான், ஓட்ட முடியாதபடி கண் இருந்தது. கால்வாயைத் தாண்டி வெள்ளைக்காரத் தெருக்களுக்குள் நுழைந்ததும், காகிதப்பூக் கொடிகள் புகையாகத் தெரிந்தன, வெள்ளைச் சுவரும் மஞ்சள் சுவரும் ஒன்றாகத் தெரிந்தன, எந்தத் தெரு எது என்று புரியவில்லை. அப்போது வாசனை வந்தது. அன்றைக்கு அவன் கையால் கலக்கின அதே பெயிண்டின் வாசனை, ஒரு துளி குறையாமல். அதைப் பிடித்துக்கொண்டே போனான். போகப் போக, வேண்டாம் வேண்டாம் என்று இருந்தும், அவன் வயிற்றிலும் அந்த முந்தின நாள் புகுந்தது. நாளைக்கு ஏதோ. நாளைக்கு என்னமோ. 'எனக்கு என்னடா நாளைக்கு?' என்று அவனே அவனைத் திட்டிக்கொண்டு லபோர்த்துக் கட்டடத்தின் பெரிய கதவைத் தள்ளினபோது, நாளைக்கு வியாழக்கிழமை என்பது ஞாபகம் வந்தது. அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தவர்களில் நாளைக்கு நிஜமாகவே ஒன்று இருந்தது அவனுக்குத்தான்.

ஹாலில் சாரம் அப்படியே இருந்தது. வெற்றுச் சுவருக்கு வலது பக்கம் ஒரு முக்காலியில் ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. மூஞ்சி தெரியவில்லை. முழங்காலில் வைத்திருந்த கை ஆடுவது மட்டும் தெரிந்தது.

"அஞ்சலாட்சி" என்றான் தனக்கோடி, "என் பிரஷ்ஷை எங்கே வச்சிருக்காருன்னு உங்க அண்ணனைக் கேட்டுச் சொல்லு."

"தங்கச்சி" என்றான் கலிவரதன், "நான் அவரு பிரஷ்ஷு மேல குந்திக்கினு இல்லைன்னு உன் புருஷங்கிட்ட சொல்லு."

"மதாம், இங்கே வந்திருக்கிறவருக்கு நாளைக்குப் பிளேனாமே, மூட்டை கட்டுற வேலை இல்லையான்னு கேளுங்க."

"மதாம், நான் என் தங்கச்சி கூப்பிட்டு வந்தேன், எவனைப் பார்க்கவும் வரலைன்னு சொல்லுங்க."

"ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பிப் பேசாதீங்க" என்றாள் மதாம். "நான் டெலிபோன் இல்லை."

அப்போது அஞ்சலாட்சி முன்னால் வந்தாள். மூன்று நாளாக மூடியிருந்த வாயைத் திறக்காமலே, சாரத்தின் கட்டைக்குக் கீழே குனிந்து, சுவரின் நடுவில், அந்த ஒரு முழ அகல வெறும் இடத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் ஒல்லியான பொம்பளை. சரியாகப் பொருந்தினாள். இந்தத் தோளுக்கு இரண்டு விரல் தள்ளி ஒரு ஈர ஓரம், அந்தத் தோளுக்கு இரண்டு விரல் தள்ளி ஒரு ஈர ஓரம். அவள் சேலையில் ஒரு துளி மஞ்சள் படவில்லை.

"பாருய்யா" என்றாள். "ரெண்டு பக்கமும் ஈரமாவே நிக்குதே, நடுவுல காஞ்சு கெடக்குறது யாருன்னு நல்லாப் பாரு. கண்ணு தெரியலைன்னா கிட்ட வந்து பாரு."

படியில் ஜோதியும் அவள் பிள்ளைகளும் நின்றார்கள், அந்துவான் நின்றார். தனக்கோடி கிட்ட வந்தான். அவனுக்கு அவள் மூஞ்சி தெரிவதற்கு மூக்கோடு மூக்கு வருகிற தூரம் வர வேண்டியிருந்தது. அப்படி வந்து பார்த்தான். பிறகு கையை நீட்டினான். அவள் முந்தானைக்குள்ளிருந்து பிரஷ்ஷை எடுத்து அவன் கையில் வைத்தாள். நுனியில் கட்டின நூலை அவளே அவிழ்த்திருந்தாள்.

"தள்ளு" என்றான். "மேல பட்டுடப் போவுது."

வாளியில் தோய்த்தான். இத்தனை காலம் கிடந்த பெயிண்ட் கெட்டித் தயிர் மாதிரி பிரஷ்ஷில் ஏறியது. சாரத்தில் ஏறி, உத்தரத்தை ஒட்டி, வலது ஓரத்திலிருந்து இடது ஓரம் வரைக்கும் முதலில் மேல் கோட்டை இழுத்தான். அது கலிவரதன் இழுக்க வேண்டிய பாதியையும் சேர்த்து. யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போயிற்று. கோடு நூல் பிடித்த மாதிரி விழுந்தது. அந்தப் பக்கம் கலிவரதன் எழுந்திருந்து தன் பிரஷ்ஷைத் தோய்த்தான். பிரஷ்ஷிலிருந்து சொட்டு தெறித்து மதாமின் பூனை மேல் விழுந்தது. பூனை கண்டுகொள்ளவில்லை.

தனக்கோடி இடது ஓரத்திலிருந்து உள்ளே வந்தான். வெறும் சுவரையும் பெயிண்டையும் அவனுக்குப் பிரித்துத் தெரியவில்லை. எல்லாம் ஒரே பழுப்பு. ஆனாலும் நிறுத்தினால் மானம் போகும் என்று இழுத்துக்கொண்டே போனான்.

"விட்டுட்டே" என்றது ஒரு குரல், பீடி பற்ற வைக்கிற மாதிரி மெதுவாக.

தனக்கோடியின் கை நின்றது.

"முழங்கைக்கு நேரா. ஒரு கொட்டாங்கச்சி அகலம். விட்டுட்டே மாப்ள."

"எங்கே?"

"அங்கதான். இன்னும் கீழே. ம்... போதும்."

"மச்சான்" என்றான் தனக்கோடி. இத்தனை வருஷம் வாயில் வைத்துக்கொண்டிருந்ததால் அந்த வார்த்தை கரகரவென்று வந்தது. "உன் பக்கம் வழியுதா பாரு."

"வழியுது. கை நிக்கல."

"நிக்க வேணாம். ஆடுற ஆட்டத்துலயே இழு."

அப்படித்தான் இழுத்தான். ஒரு ஓரமும் மறு ஓரமும் வந்து தொட்ட இடத்தில், நேரான கை என்றால் எங்கேயாவது ஒரு கோடு நின்றிருக்கும். கலிவரதனின் கை நடுங்கின நடுக்கத்தில் பிரஷ்ஷின் முடி ஒவ்வொன்றும் அந்தப் பக்கத்து ஈரத்தையும் இந்தப் பக்கத்து ஈரத்தையும் மாற்றி மாற்றித் தடவி, எது எவனுடைய மஞ்சள் என்று சொல்ல முடியாதபடி ஒன்றாக்கிவிட்டது. மேலிருந்து கீழே அப்படியே வந்தார்கள். சாரத்திலிருந்து இறங்கி, குந்தி, கடைசியில் தரையோரத்தில் இரண்டு கிழவர்களும் மண்டையோடு மண்டை இடித்துக்கொள்ள, இரண்டு பிரஷ்ஷும் ஒன்றையொன்று தொட்டு நின்றன.

சுவர் சேர்ந்த இடத்திலிருந்து காய ஆரம்பித்தது. பாலில் ஆடை படர்கிற மாதிரி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பளபளப்பு அடங்கிக்கொண்டே போய், ஜன்னலைத் தொட்டு, மூலையைத் தொட்டு, முடிந்தது. கட்டடத்தின் தேக்கு உத்தரங்கள் ஒவ்வொன்றாக முனகி அடங்கின, பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் முதுகு நிமிர்த்துகிற மாதிரி. வாசனை பால்கனி வழியாக வெளியேறிக் கடல் பக்கம் போயிற்று. அது போன இடத்தில் மீன் குழம்பு வாசனையும், நாப்தலின் உருண்டை வாசனையும், பூனை வாசனையும் வந்தன. இத்தனை வருஷமாக அந்தக் கட்டடத்தில் அப்படி வாசனைகள் இருந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"அம்மா" என்றது ஜோதியின் சின்னப் பெண், "நாளைக்கு என்னா?"

ஜோதி யோசித்துப் பார்த்தாள். தேடிப் பார்த்தாள். "நாளைக்கு ஒண்ணும் இல்லடி" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இன்னிக்குதான்டி. விசேஷம் இன்னிக்கு."

மதாம் வெள்ளைத் துணியை விரித்தாள். இந்தத் தடவை அதன் மேல் தட்டு வைத்தாள், தட்டில் அதிரசம் வைத்தாள், மேல் மாடியிலிருந்தும் கீழ் மாடியிலிருந்தும் யார் வீட்டில் என்ன இருந்ததோ அது வந்தது. ஜோதியின் பிள்ளைகள் புதுத் துணி போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்கள். வாங்கி வெகுகாலம் ஆகிவிட்டதால் முழங்கால் தெரிந்தது. அந்துவான் நெஞ்சு நிறைய மூக்கில்லாத மெடல்களோடு மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து, பாட்டிலை உடைத்து எல்லாருக்கும் ஊற்றினார். சாப்பிட்டார்கள். ஜோதிக்கும் கீழ் வீட்டுக்காரிக்கும் தண்ணீர்க் குழாயைப் பற்றி ஒரு சண்டை வந்தது. தள்ளிப் போட்டு வைத்திருந்த சண்டை. இரண்டு பேரும் வயிறாரப் போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும், விசேஷம் முடிந்த வீட்டில் வருகிற அந்தத் தூக்கம், ஒருத்தர் விடாமல் எல்லாரையும் அடித்துப் போட்டது. படியிலும் பால்கனியிலும் நாற்காலியிலும் இருந்தபடியே சாய்ந்தார்கள். மதாம் மேஜை மேல் தலையை வைத்துக் குறட்டை விட்டாள். அந்துவானுக்கு மட்டும் மூக்கில் கை வைத்துப் பார்த்தார்கள். மூச்சு இருந்தது. தூங்கத்தான் செய்தார்.

தனக்கோடியும் கலிவரதனும் சுவருக்கு எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலாட்சி நடுவில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள்.

"ஒட்டு தெரியுது மாப்ள" என்றான் கலிவரதன்.

"தெரியல."

"மேல பாரு. கோடு மாதிரி."

"ஒரு கோடும் இல்ல."

"உனக்குத் தெரியாது. உன் கண்ணு பழுத்த கண்ணு."

அஞ்சலாட்சியின் கை வெற்றிலையில் நின்றது. தனக்கோடி அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டான். தினமும் எடுத்துத் துடைத்து வைத்த வார்த்தை, இப்போது திரும்பி வந்தபோது, கையில் கனமே இல்லை. ஒரு முறை உருட்டிப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"உன் கை ஆடுன ஆட்டத்துல ஒட்டு எங்கே மச்சான் நிக்கும்? அங்கே போயி நல்ல டாக்டரா பாரு. கோமதியை விடாத. கையை நிறுத்திக்கினு வா."

"நீ கண்ணைக் காட்டு முதல்ல."

"காட்டறேன்."

"எப்போ?"

"நீ பிளேன் ஏறினதும் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போறேன். போதுமா? அஞ்சலாட்சி சாட்சி."

"சாட்சியெல்லாம் இல்ல" என்றாள் அஞ்சலாட்சி. "நான் இழுத்துக்கினு போறேன்."

கலிவரதன் வெற்றிலையை வாயில் போட்டான். நடுங்கின கையால் ஒரு தடவை தனக்கோடியின் முழங்காலைத் தட்டினான். அந்தக் கை நடுங்கியதால் ஒரு தடவை தட்டினது நாலு தடவையாக ஆயிற்று. கொஞ்ச நேரத்தில் அவனும் தலை கவிழ்ந்து தூங்கிப் போனான்.

தனக்கோடிக்கும் கண் சொருகியது. எழுந்து, இத்தனை வருஷப் பழக்கத்தில் எல்லாரும் ஒதுங்கியே நடந்த அந்தச் சுவரிடம் போனான். முதலில் விரல் நுனியால் தொட்டான். பிறகு உள்ளங்கையை வைத்தான். பிறகு திரும்பி நின்று, தோளைக் கொஞ்சமாக வைத்து எடுத்து, முதுகைப் பெண்சாதி பக்கம் காட்டினான். அது அவன் நல்ல நாளைக்கு என்று எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை. அதை ஏன் இன்றைக்குப் போட்டுக்கொண்டு வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"ஒட்டிக்கிச்சா?"

அவள் கிட்ட வந்து பார்த்தாள்.

"இல்லய்யா. நல்லா சாஞ்சுக்கோ."